கைகாட்டியும் கம்பியும்

திண்டிவனத்தில் ரயில் ஏறி விழுப்புரத்தில் இறங்குவதற்குள் ஒரு மனிதன் என்ன கற்றுக்கொண்டுவிட முடியும்? தூரம் நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவு. நடுவே மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நாலு சிறு நிலையங்கள். விரைவு வண்டியானால் நாலையும் மதிக்காமல் ஓடிவிடும். நான் ஏறியது எல்லா ஊரையும் மதிக்கிற வண்டி. ஆகவே பேச நேரம் இருந்தது.

எதிர் ஆசனத்தில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். மடியில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு கோடு. சமதரையாக வந்து, மெதுவாக மேடேறி, உச்சியைத் தொட்டு, மெதுவாகச் சரிந்து, மறுபடியும் சமதரையாகிவிட்டது. அதற்குக் கீழே இன்னொரு கோடு, ஒரு மேடும் ஒரு பள்ளமுமாக. என் வயதுக்காரர்கள் இப்படிப்பட்ட கோட்டைக் கண்டால் ஒரே ஒரு இடத்தின் ஞாபகம்தான் வரும்.

"யாருக்கம்மா உடம்பு சரியில்லை?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க தாத்தா. இது பல்ஸ்."

"நானும் அதைத்தானே கேட்டேன்? நாடித் துடிப்பு!"

"அந்தப் பல்ஸ் இல்லீங்க. மைக்ரோவேவ் பல்ஸ். குவாண்டம் கம்ப்யூட்டருக்குள்ளே அனுப்பறது."

தாத்தா என்று அழைக்கப்பட்டதை ஜீரணித்துக்கொள்ளவே எனக்கு ஒரு நிலையம் ஆயிற்று. அதற்குப் பிறகு விசாரித்தேன். குவாண்டம் கம்ப்யூட்டரைப் பற்றிப் பத்திரிகைகளில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். கணத்தில் இதைச் செய்யும், அதைச் செய்யும், பூட்டுகளையெல்லாம் உடைத்துவிடும் என்கிறார்கள். ஆனால் அந்த யந்திரத்துக்கு யார், எந்த வழியாக, எப்படிக் கட்டளை கொடுக்கிறார்கள் என்பதை ஒருவரும் எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை. இந்தப் பெண்ணின் வேலை அதுதான். கட்டளையை மென்பொருளாக எழுதுகிறாள். எழுத்து மின் அலையாக மாறி, கம்பி வழியே போய், கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தொட்டுத் திருப்புகிறது.

கம்பி என்ற சொல்லைக் கேட்டவுடன் எனக்கு என் சித்தப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

விழுப்புரம் ஐந்து திசை ரயில்கள் கூடுகிற இடம். சென்னை, திருச்சி, மாயவரம், காட்பாடி, புதுச்சேரி என்று பாதைகள் பிரிகின்றன. புதுச்சேரிக் கிளை 1879-லேயே வந்துவிட்டது. சென்னையிலிருந்து விழுப்புரம் வரை 1965-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது, மீட்டர் கேஜ் பாதையில் ஜப்பானிலிருந்து வந்த எஞ்சினைப் பார்க்க ஊரே திரண்டு நின்றது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் என் சித்தப்பா வேலை பார்த்தது அந்தப் பெரிய பாதையில் அல்ல. காட்பாடி போகும் கிளையில் ஒரு சின்ன நிலையம். அங்கே மின்சாரமும் இல்லை, ஜப்பானும் இல்லை. கைகாட்டி மரமும், அதை இயக்கும் நெம்புகோல்களும், இரண்டையும் இணைக்கும் கம்பியும்தான் இருந்தன.

கோடை விடுமுறைக்கு நான் அங்கே போவேன். கேபினில் ஆள் உயரத்துக்கு நெம்புகோல்கள் வரிசையாக நிற்கும். சிலவற்றுக்குச் சிவப்பு வர்ணம், சிலவற்றுக்குக் கறுப்பு. சிவப்பு கைகாட்டிக்கு, கறுப்பு தண்டவாளத்தைத் திருப்பும் பாயிண்டுக்கு. ஒரு நாள் சித்தப்பா டீ குடிக்கத் திரும்பிய சமயம் பார்த்து ஒரு சிவப்புக் கோலைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தேன். அசையவில்லை. இரண்டு காலையும் உதைத்துக்கொண்டு இழுத்தேன். அசையவில்லை.

"இன்னும் பத்துப் பேரைக் கூட்டிட்டு வா. அப்பவும் அசையாது," என்றார் சித்தப்பா, டம்ளரைக் கீழே வைக்காமலே. "பாதையைச் சரி பண்ணாம கைகாட்டி எறங்காதுடா. கறுப்பு சம்மதிச்சாத்தான் சிவப்பு."

அந்தக் கட்டுப்பாடு நிலையத்தில் யாரும் கண்டுபிடித்ததல்ல. ஜான் சாக்ஸ்பி என்ற ஆங்கிலேயர் 1856-ல் அதற்கு உரிமை பெற்றார். நெம்புகோல்களுக்குக் கீழே இரும்புத் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பூட்டிக்கொள்ளும். தவறான வரிசையில் கட்டளை கொடுக்கவே முடியாது. நெம்புகோலை இழுப்பவன் தூங்கி வழியட்டும், கவலையில் இருக்கட்டும், பத்து வயது முட்டாளாக இருக்கட்டும், இரும்பு விடாது. கட்டளைகளை எந்த வரிசையில் கொடுக்கலாம், எதை எதனோடு சேர்க்கக்கூடாது என்பதைத்தான் இப்போது மென்பொருள் என்கிறோம். சாக்ஸ்பி அதை இரும்பில் எழுதினார்.

ஆனால் சித்தப்பாவின் வேலையில் இரும்பு எழுதிக் கொடுக்காத பகுதி ஒன்று உண்டு. கேபினிலிருந்து கைகாட்டி மரம் வரை நூற்றுக்கணக்கான கெஜம் கம்பி ஓடுகிறது. சித்திரை வெயிலில் கம்பி நீளும். நீண்டால் தளரும். தளர்ந்தால் நெம்புகோலை முழுக்க இழுத்தாலும் கைகாட்டி அரைகுறையாகத்தான் இறங்கும். மார்கழி விடியலில் அதே கம்பி சுருங்கி இழுத்துக்கொள்ளும். ஆகவே கம்பியை முடுக்கவும் தளர்த்தவும் கேபினில் ஒரு சக்கரம் உண்டு. சித்தப்பா காலையில் ஒரு திருப்பு, உச்சி வெயிலில் ஒரு திருப்பு, சாயங்காலம் ஒரு திருப்பு. எவ்வளவு திருப்ப வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. தூரத்தில் கைகாட்டியைப் பார்த்து, கையால் உணர்ந்து, திருப்புவார்.

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவள் கம்ப்யூட்டரை மூடிவிட்டாள். "தாத்தா, எங்க வேலையில பாதி இதுதாங்க," என்றாள்.

எப்படி என்பதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வானொலி அலையால் தொட்டுத் திருப்பலாம் என்று முதலில் காட்டியவர் இஸிடார் ராபி. 1938-ல் நியூயார்க்கில், கொலம்பியா சர்வகலாசாலையில். ஒவ்வொரு அணுக்கருவும் ஒரு சின்னஞ்சிறு காந்தம். சரியான அலைவரிசையில் அலையை வீசினால் அந்தக் காந்தம் தலைகீழாகப் புரளும். இன்னும் வீசினால் மறுபடி நிமிரும். எவ்வளவு நேரம் வீசுகிறோமோ அவ்வளவு புரளும். பாதி நேரத்தில் நிறுத்தினால் நிமிர்ந்ததும் இல்லை, கவிழ்ந்ததும் இல்லை என்ற நடுநிலை. இதற்காக 1944-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கும் குவாண்டம் யந்திரம் கட்டுகிறவர்கள் முதல் நாள் செய்கிற பரீட்சைக்கு ராபியின் பெயர்தான். அலையின் நீளத்தையோ பலத்தையோ கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எங்கே சரியாகத் தலைகீழாகிறது என்று பார்க்கிறார்கள். சக்கரத்தைத் திருப்பிக் கைகாட்டியைப் பார்க்கும் அதே வேலை!

அடுத்து நடந்ததுதான் இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம். எர்வின் ஹான் அப்போதுதான் பட்டம் முடித்த இளைஞர். இலினாய் சர்வகலாசாலையில் அணுக்காந்தங்களுக்கு விட்டுவிட்டு அலைத் துடிப்புகளைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துடிப்பு கொடுத்தார். சிறிது பொறுத்து இன்னொன்று. பிறகு, ஒன்றுமே கொடுக்காத நேரத்தில், திரையில் தானாக ஒரு மேடு எழுந்து அடங்கியது. கருவியில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார். கோளாறு இல்லை. அது எதிரொலி. 1950-ல் அதை எழுதி வெளியிட்டார்.

இதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். திண்டிவனம் சந்தையிலிருந்து மணிலாக்கொட்டை ஏற்றிய நூறு வண்டிகள் ஒரே சமயத்தில் புறப்படுகின்றன. ஒரு ஜோடி மாடு வேகம், ஒரு ஜோடி மந்தம். ஒரு மணி நேரத்தில் வரிசை சிதறிப் போகிறது. எந்த வண்டி எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. அப்போது ஒரு ஊதல் ஊதி, எல்லோரும் நின்ற இடத்திலேயே திரும்புங்கள் என்று உத்தரவு போடுகிறோம். அதிக தூரம் போன வேகமாடு அதிக தூரம் திரும்ப வேண்டும். கொஞ்ச தூரம் போன மந்தமாடு கொஞ்ச தூரம் திரும்பினால் போதும். அவரவர் வேகம் மாறாவிட்டால் சரியாக இன்னொரு மணி நேரத்தில் நூறு வண்டிகளும் ஒன்றாகச் சந்தையில் வந்து நிற்கும்! சிதறிப் போனது என்று நாம் கைகழுவிய ஒழுங்கு உண்மையில் அழியவில்லை. தக்க நேரத்தில் ஒரு ஊதல் போதும், அது திரும்பி வந்துவிடும். மாடுகளைச் சீர்திருத்த வேண்டியதில்லை. உத்தரவின் நேரத்தைச் சீர்திருத்தினால் போதும்.

இந்தக் கலையில் நம் நாட்டார் பின்தங்கியிருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஜி. சூர்யன், ஓடும் திரவத்தில் அணுக்காந்தங்களின் அதிர்வை அளந்து 1951-லேயே எழுதினார். அதே கழகத்தின் அனில் குமார் 1975-ல் ஸ்விட்ஸர்லாந்தில் வெல்ட்டி, எர்ன்ஸ்ட் ஆகியோருடன் சேர்ந்து கண்டுபிடித்த முறைதான், இன்று ஜில்லா ஆஸ்பத்திரிகளிலும் பார்க்கிற எம்.ஆர்.ஐ. யந்திரத்தின் படமெடுக்கும் வித்தைக்கு ஆதாரமாக நிற்கிறது. இந்த அனில் குமார்தான் பிற்காலத்தில் கவிதா தொரை, அரவிந்த் என்பவர்களுடன், ஒரு புட்டித் திரவத்தில் மிதக்கும் மூலக்கூறுகளை வைத்துக்கொண்டு, வானொலித் துடிப்புகளால் குவாண்டம் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கட்டுரை 2000-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 2001-ல், அமெரிக்காவில் ஐ.பி.எம். விஞ்ஞானிகள் ஏழு அணுக்கருக்களைக் கொண்டு 15 என்பது மூன்றும் ஐந்தும் பெருக்கினால் வருவது என்று கண்டுபிடித்தார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் சொல்லக்கூடிய விடை. ஆனால் அதற்காக ஏறக்குறைய 300 வானொலித் துடிப்புகள், ஒவ்வொன்றும் தன் இடத்தில், தன் நேரத்தில், தன் அளவில் விழ வேண்டியிருந்தது. விடையைவிட அந்த 300-தான் பெரிய விஷயம் என்பது என் அபிப்பிராயம்.

புட்டித் திரவத்தோடு அதிக தூரம் போக முடியவில்லை. அதே சமயத்தில் வேறொரு பாதை பிரிந்துகொண்டிருந்தது. 1999-ல் ஜப்பானில் என்.இ.சி. கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் நாகமுராவும் அவருடைய சகாக்களும், சில்லின் மேல் செய்த ஓர் அலுமினியச் சுற்றையே அணுவைப்போல நடந்துகொள்ளச் செய்து, மின் துடிப்பால் அதைத் திருப்பிக் காட்டினார்கள். இதற்குக் கியூபிட் என்று பெயர். கடுங்குளிரில் வைக்க வேண்டும். விண்வெளியைவிடக் குளிர், முழுச் சூனிய உஷ்ணத்துக்கு மேலே ஒரு டிகிரியில் நூற்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. அங்கே மனிதக் கை போக முடியாது. பார்க்கவும் முடியாது. வெளியே சாதாரண அறையில் நிற்கிற மின்னணுப் பெட்டிகளிலிருந்து கம்பி மட்டும் உள்ளே இறங்குகிறது. கேபின் மேலே, கைகாட்டி கீழே.

இங்கே சாதாரணக் கம்ப்யூட்டருக்கும் இதற்கும் உள்ள ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் பூஜ்யம் என்றால் பூஜ்யம், ஒன்று என்றால் ஒன்று. கட்டளை கொஞ்சம் பலவீனமாக வந்தாலும் அது தன்னைத் தானே சரிசெய்துகொண்டு ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். நல்ல குமாஸ்தா மாதிரி, எழுதியது கோணலாக இருந்தாலும் கருத்தைப் புரிந்துகொள்ளும். கியூபிட் அப்படியல்ல. நூற்றுக்கு தொண்ணூற்றொன்பது பங்கு இழுத்தால் தொண்ணூற்றொன்பது பங்கே திரும்பி நிற்கும். அடுத்த கட்டளையில் அந்தக் குறையும் சேரும். அதற்கடுத்ததில் அதுவும் சேரும். அரைகுறையாக இறங்கிய கைகாட்டியை எஞ்சின் டிரைவர் சிவப்பாகவே கொள்ள வேண்டும் என்று ரயில்வேயில் விதி உண்டு. கியூபிட்டுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. அரைகுறையையும் அப்படியே நம்பிவிடும்.

அளவு மட்டுமல்ல, வடிவமும் முக்கியம். கட்டளைத் துடிப்பு ஒன்று சுமார் இருபது நானோ விநாடி நீளம். அந்த நேரத்துக்குள் ஒளியே ஆறு மீட்டர்தான் போக முடியும். அதாவது நாங்கள் உட்கார்ந்திருந்த ரயில் பெட்டியின் நீளத்தில் கால்பங்கு. இவ்வளவு சீக்கிரமாக வேலையை முடிக்க வேண்டும் என்று வெடுக்கென்று இழுத்தால், கியூபிட் ஒன்றைத் தாண்டி இரண்டு என்னும் வேண்டாத படிக்குத் தாவிவிடும். ஆகவே மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும். அது மட்டும் போதாது. கூடவே இன்னொரு சின்ன அலையைச் சேர்த்தால் தாவல் அடங்கும் என்று மோட்சோய், கேம்பெட்டா முதலிய நாலு பேர் 2009-ல் கணக்கிட்டார்கள். அந்தப் பெண்ணின் திரையில் நான் பார்த்த மேடும், கீழே இருந்த மேடுபள்ளமும் அதுதான். நான் அதை நோயாளியின் இதயம் என்று நினைத்தேன்.

கம்பி நீளுகிற சமாசாரமும் இங்கே உண்டு. கியூபிட்டின் அலைவரிசை ஒரே இடத்தில் நிற்பதில்லை. நாளுக்கு நாள், சில சமயம் மணிக்கு மணி, நகர்ந்துகொண்டே இருக்கிறது. மேலே உள்ள மின்னணுப் பெட்டிகளும் உஷ்ணத்துக்கேற்ப மாறுகின்றன. நேற்றுச் சரியாக இருந்த கட்டளை இன்று தவறு. ஆகவே யந்திரத்தின் மென்பொருள் அவ்வப்போது வேலையை நிறுத்திவிட்டு, ராபியின் பரீட்சையையும் இன்னும் சிலவற்றையும் நடத்தி, எண்களைத் திருத்திக்கொள்கிறது.

சித்தப்பாவிடம் இருந்த ஒரு வசதி மட்டும் இவர்களுக்கு இல்லை. அவர் கைகாட்டியைப் பார்க்க முடியும். கண்ணுக்கு எட்டாத தூரத்தில் மரம் இருந்தால், அது உண்மையில் இறங்கியதா என்று காட்ட ரயில்வேயில் தனிக் கருவியே உண்டு. கியூபிட்டைப் பார்த்தாலோ காரியம் கெட்டது. பார்த்த கணமே அது பூஜ்யமாகவோ ஒன்றாகவோ விழுந்துவிடும், நடுநிலை போய்விடும். பார்க்காமல் எப்படித் திருத்துவது?

இந்த இடத்தில்தான் நம்மவர் ஒருவர் வருகிறார். ஆர். விஜயராகவன் அமெரிக்காவில் ஏல் சர்வகலாசாலையில் மிஷேல் டெவோரேயிடம் பயின்றவர். (2025-ல் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர் இந்த டெவோரே.) பிறகு பெர்க்லியில் இர்ஃபான் சித்திக்கியின் குழுவில் சேர்ந்தார். அங்கே 2012-ல் அவர்கள் செய்தது இது: கியூபிட்டை நேராகப் பார்க்காமல், ஓரக்கண்ணால், மிக மெல்லப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த மெல்லிய பார்வையில் கிடைத்த அரைகுறைச் செய்தியை வைத்து, புரட்சி வேகம் முந்துகிறதா பிந்துகிறதா என்று கணித்து, உடனுக்குடன் அலையின் பலத்தைக் கூட்டிக் குறைத்தார்கள். கியூபிட் கலையாமல் தொடர்ந்து புரண்டுகொண்டிருந்தது. மாப்பிள்ளையைப் பெண் பார்க்கிற மாதிரி என்று சொல்லலாம். நிமிர்ந்து பார்த்தால் சபை கலைந்துவிடும், பார்க்காமலும் முடியாது.

விஜயராகவன் பின்னர் பம்பாய்க்கு வந்து, கொலாபாவில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வுக்கூடம் அமைத்தார். 2024 ஆகஸ்டில் அங்கிருந்து ஒரு செய்தி வந்தது. ஆறு கியூபிட் கொண்ட யந்திரம் முழுப் பரீட்சையில் தேறிவிட்டது. மூன்று பேர் பங்கு பிரித்துக்கொண்ட வேலை. கியூபிட்டுகளை வடிவமைத்துச் செய்தது கொலாபா நிலையம். வெளியிலிருந்து கணக்கை அனுப்பி விடையைப் பெறும் வாசலைக் கட்டியது டி.சி.எஸ். நடுவே உள்ள கட்டுப்பாட்டு, அளவீட்டு ஏற்பாட்டைச் செய்தது ராணுவ ஆராய்ச்சித் துறையின் புனே ஆய்வுக்கூடம். கடையில் கிடைக்கும் மின்னணுக் கருவிகள் சிலவற்றையும், தாங்களே மென்பொருள் எழுதிப் பழக்கிய பலகைகளையும் கலந்து அதைக் கட்டினார்கள். மறுநாள் பத்திரிகைகள் ஆறு என்ற எண்ணைத்தான் பெரிதாகப் போட்டன. உலகத்தில் நூற்றுக்கணக்கான கியூபிட் வந்துவிட்டதே, ஆறு எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. அந்த நடுப்பங்கைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கென்னவோ கேபினைக் கட்டியவர்களைப் பற்றித்தான் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

ஏனென்றால் இந்தக் கேபின் மலிவான வஸ்து அல்ல. ஆரம்பக் காலத்தில் ஒவ்வொரு கியூபிட்டுக்கும் ஒரு அலமாரி பெட்டிகள் வேண்டியிருந்தன. அலை உண்டாக்க ஒன்று, அதற்கு வடிவம் கொடுக்க ஒன்று, இரண்டையும் கலக்க ஒன்று, திரும்பி வரும் முணுமுணுப்பைக் கேட்க ஒன்று. எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. எழுதி அழித்து மறுபடி எழுதக்கூடிய சில்லுகள் வந்த பிறகு இந்த அலமாரி முழுவதையும் ஒரே பலகைக்குள் மென்பொருளாக அடக்க வழி பிறந்தது. பெங்களூரில் விபோர் சிங் என்பவரின் ஆய்வுக்கூடத்தார் அப்படி ஒன்றைச் செய்து 2023-ல் வெளியிட்டார்கள். 'எஸ்.க்யூ-கார்ஸ்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். செலவைக் குறைப்பது அவர்களுடைய நோக்கங்களில் ஒன்று. அதே 2023 ஏப்ரலில் மத்திய சர்க்கார் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. கோடிகளைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது. பலகையைப் பற்றி எழுதத் தெரிந்தவரை எழுதிவிட்டேன்.

இனி, கேபின் கதவு யாருக்குத் திறக்கும் என்ற விஷயம். 2016 மே மாதம் ஐ.பி.எம். தன்னுடைய ஐந்து கியூபிட் யந்திரத்தை உலகத்தார் எல்லோரும் தூரத்திலிருந்தே உபயோகிக்கலாம் என்று திறந்துவிட்டது. அப்போது திறந்தது பிளாட்பாரம். டிக்கெட் வாங்கினவன் ஏறலாம். நெம்புகோலைத் தொட முடியாது. இதைத் திருப்பு, அதை இணை என்று கட்டளை கொடுக்கலாம். துடிப்பின் நீளம், பலம், வடிவம் எல்லாம் கம்பெனிக்காரர்கள் உள்ளே தீர்மானித்தவை. 2018-ல் அவர்கள் துடிப்புகளையே நேராக எழுதுவதற்கான விதிமுறைகளை வெளியிட்டார்கள். 2019-ல் ஒரே ஒரு கியூபிட் கொண்ட ஒரு சின்ன யந்திரத்தை, துடிப்பு உட்பட, எல்லோருக்கும் திறந்தார்கள். விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் யார் வேண்டுமானாலும் நெம்புகோலைப் பிடித்து இழுத்துப் பார்க்கலாம்! ராபியின் பரீட்சையை ஒரு கல்லூரி மாணவன் தன் வீட்டுத் திண்ணையிலிருந்து நிஜ யந்திரத்தில் செய்யலாம் என்பது விஞ்ஞான சரித்திரத்தில் அதற்கு முன் நடந்ததே இல்லை.

2025 பிப்ரவரியில் ஐ.பி.எம். தன் யந்திரங்களில் துடிப்பு எழுதும் வசதியை எடுத்துவிட்டது. அடுத்து வந்த மென்பொருளிலும் அந்தப் பகுதி இல்லை. பதிலுக்கு, வேண்டிய கோணத்துக்குத் திருப்பும் புதுவகைக் கட்டளைகளை முன்னதாகவே கொடுத்திருந்தது. கணக்குப் போடுகிறவர்களுக்கு அது போதும். கம்பெனியைக் குறை சொல்லவும் முடியாது. விழுப்புரம் ஜங்ஷன் சிக்னல் அறைக்குள் போகிறவன் வருகிறவனையெல்லாம் விடுவார்களா? யந்திரம் பெரிதாகப் பெரிதாக அந்நியக் கை ஆபத்துத்தான். ஆனாலும் சித்தப்பா டீ குடிக்கத் திரும்பாமல் இருந்திருந்தால், கறுப்பு சம்மதித்தால்தான் சிவப்பு என்பதை நான் எங்கே கற்றிருப்பேன்? நெம்புகோலைத் தொட்டுப் பார்த்தவன்தான் அடுத்த கேபினைக் கட்டுவான். தொட விடமாட்டார்கள் என்றால், சொந்தத்தில் ஒரு கேபின் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். புனேக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் செய்ததை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

"நீ இப்போது எதில் எழுதுகிறாய்?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"பாவனை யந்திரத்துலதாங்க. நிஜம் மாதிரியே கணக்குப் போட்டுக் காட்டும். ஆனா அதுல கம்பி நீளாது." சற்று யோசித்துவிட்டு, "நீளற மாதிரி நானா எழுதிச் சேர்த்தாத்தான் நீளும்," என்றாள்.

ரயில்வேயிலும் காலம் மாறிவிட்டது. 2025 நடுவில் இந்தியா முழுவதும் 6,600-க்கு மேற்பட்ட நிலையங்களில் பாயிண்டுகளையும் சிக்னல்களையும் ஓரிடத்திலிருந்தே மின்சாரத்தாலோ கம்ப்யூட்டராலோ இயக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. சாக்ஸ்பியின் இரும்புத் துண்டுகள் இப்போது மென்பொருளில் எழுதப்பட்டிருக்கின்றன. கறுப்பு சம்மதிக்காமல் சிவப்பு பச்சையாகாது. ஆனால் கறுப்பு சம்மதித்ததா என்பதை மென்பொருள் எப்படி அறியும்? கம்பி சொல்வதைக் கேட்டுத்தான். 2023 ஜூன் 2-ஆம் தேதி ஒடிஸாவில் பாலேசுவரம் பக்கத்தில் பஹாநகா பஜார் நிலையத்தில் நடந்த கொடுமையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு வரவேண்டிய கோரமண்டல் வண்டி அது. நேர்ப்பாதைக்குப் பச்சை விளக்கு எரிந்தது. பாயிண்டோ கிளைப்பாதைக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு வண்டி நின்றுகொண்டிருந்தது. 290 பேருக்கு மேல் மாண்டார்கள். சிக்னல் சுற்றின் கம்பி இணைப்புகளை மாற்றியதில் நேர்ந்த தவறு என்று விசாரணை சொல்லிற்று. மேலே இருந்த தர்க்கம் பொய் சொல்லவில்லை. அதற்குச் சொல்லப்பட்டது பொய்.

நான் இதைச் சொன்னபோது அந்தப் பெண் வெகு நேரம் பேசவில்லை. முண்டியம்பாக்கம் தாண்டி, கரும்பு லாரிகள் நின்ற கேட்டையும் தாண்டி, விழுப்புரத்துக்கு வெளியே வண்டி நின்றுவிட்டது. சிவப்பு. ஐந்து திசை வண்டிகளில் எதற்கோ எங்களுக்கு முன் வழி கொடுத்திருக்கிறார்கள். சில பேர் கீழே குதித்து நடக்கத் தொடங்கினார்கள்.

"தாத்தா, அந்தக் கம்பியை முடுக்குற சக்கரம்னு சொன்னீங்களே, அது எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

என்னிடம் காகிதம் இல்லை. டிக்கெட்டின் பின்புறத்தில் வரைந்து காட்டினேன். சக்கரம், அதன் பல், பல்லைப் பிடிக்கும் கொக்கி, கொக்கியிலிருந்து புறப்படும் கம்பி. கம்பியை முழுவதும் போட டிக்கெட்டில் இடம் போதவில்லை. "இந்தக் கொக்கி எதுக்குங்க?" என்றாள். "திருப்பின இடத்திலேயே நிற்பதற்கு," என்றேன். அவள் மறுபடியும் கம்ப்யூட்டரைத் திறந்து ஏதோ எழுத ஆரம்பித்தாள். ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் விளக்கு எரிந்தது, வண்டி நகர்ந்தது.